பட்டம் பெயரான கதை – 7: யானைமேல் துஞ்சியவனின் தளபதி

சென்ற வாரம் தக்கோலக் களத்தில் ராஜாதித்தனை யானைமேல் நிறுத்திவிட்டு வந்தோம். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆண்டு 949. இன்றைய அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தக்கோலம். அம்பாரியில் பராந்தக சோழனின் மகன், பட்டத்துக்கு உரிய இளவரசன். எதிரே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாக வந்தவன் அவனுடைய அக்காள் கணவன், கங்க நாட்டு பூதுகன். கூரிய அம்பு மார்பைப் பிளக்க ராஜாதித்தன் யானைமேலேயே விண்ணுலகம் போனான் என்று சோழர் செப்பேடு மரியாதையாகச் சொல்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்லோ, பூதுகன் அந்த அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்திக் கொன்றான் என்கிறது. எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். இளவரசன் சாய்ந்தான், சோழப் படை சிதறியது, தொண்டை மண்டலம் கைமாறியது.

அடுத்து நடந்தது பட்ட விநியோகம். நம் தொடருக்கு வேண்டியது அதுதான்.

கிருஷ்ணன் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ ஆனான். பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகள் கிடைத்தன. பூதுகனின் வீரன் மணலேரன், என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் பின்னால் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நட்டு, அந்தக் கல்லின் பூசைக்கு நிலமும் விட்டார்கள். தக்கோலப் போரைப் பற்றிய ஆதகூர்ச் செய்தி நமக்குக் கிடைத்தது அந்த நாயின் நடுகல்லால்தான். தோற்ற பக்கத்தில் ராஜாதித்தனுக்கும் ஒரு பட்டம் வந்தது. ‘ஆனைமேல் துஞ்சினார்’. செத்த பிறகு வந்த பட்டம்.

இத்தனை பேர் பெயர் வாங்கிய அந்தக் களத்தில் ஒருவனை மட்டும் காணோம். இளவரசனின் நண்பன். அவனுடைய படைத்தலைவன். சேரநாட்டிலிருந்து வந்து, ராஜாதித்தன் உயிர் விட்டால் தானும் விடவேண்டியவன்.

அவன் எங்கே?

*

தென்பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்றே பெயர்கொண்ட ஓர் ஊர் உண்டு. திருக்கோவிலூர்ப் பக்கம். அங்கே ஒரு சிவன் கோயில். அதைக் கல்லால் கட்டியவன் பெயர் கோயில் சுவரிலேயே இருக்கிறது. மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூர் வெள்ளங்குமரன், ராஜாதித்தனின் படைநாயகன். ஆண்டு 943. வடக்கே ராஷ்டிரகூடன் வரக்கூடும் என்று எதிர்பார்த்து, ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்த காலம் அது. எல்லையில் காத்திருந்த சிப்பாய்கள் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளங்குமரன் என்பது அப்பா அம்மா வைத்த பெயர். நந்திக்கரைப் புத்தூர் சொந்த ஊர். படைநாயகன் அரசன் கொடுத்த வேலை. ஒரு மனிதனை அடையாளம் காட்ட மூன்று துண்டு போதுமாக இருந்தது. இந்த மூன்றில் எதுவும் அவனோடு கடைசிவரை வரவில்லை.

தக்கோலத்துக்குப் பத்தாண்டு கழித்து, கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டில், திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டது. வென்றவனின் ஆட்சியாண்டு போட்ட கல்லில், தோற்றவனின் நண்பன் கதை. கேரளத்தில் பிறந்த ஒருவர், பல கலைகளும் கற்றவர், சோழநாட்டுக்கு வந்து ராஜாதித்தனுக்கு உற்ற நண்பரானார். போரில் தலைவனோடு சேர்ந்து சாகும் பேறு தனக்குக் கிடைக்கவில்லையே என்று நாணினார். கங்கையில் போய் மூழ்கினார். திரும்பி வந்து ஒற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீட்சை வாங்கி, மடத்துக்குத் தலைவரானார். பெயர் சதுரானன பண்டிதர். கிராமத்துக் கோயிலின் வெள்ளங்குமரன்தான் இவர் என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

அந்தக் கல்வெட்டு எதற்காக என்று பாருங்கள். தன்னுடைய பிறந்த நட்சத்திரமான அவிட்டத்தன்று இறைவனுக்குச் சிறப்புப் பூசை நடக்க, நூறு நிஷ்கம் பொன்னை நரசிங்கமங்கலத்துச் சபையிடம் கொடுத்து வைக்கிறார். ஊரைத் துறந்தார், வாளைத் துறந்தார், பெயரைத் துறந்தார். நட்சத்திரத்தை மட்டும் துறக்கவில்லை. துறவியாகிவிட்ட ஒரு தளபதியிடம் பழைய மனிதனின் மிச்சமாக நான் காண்பது அந்த அவிட்டம் ஒன்றைத்தான். இந்தத் தொடருக்காகப் படித்த கல்வெட்டுகளில் என்னை வெகுநேரம் விடாமல் பிடித்து வைத்தது இதுதான்.

இப்போது புதிரின் இரண்டாம் பாதி. ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அதே கோயிலின் விமானம் கருங்கல்லில் கட்டப்படுகிறது. கட்டச் சொன்னவர் யார் என்றால், சதுரானன பண்டிதர். அதற்கும் நூறாண்டுக்கு மேல் கழித்து, இரண்டாம் ராஜாதிராஜன் ஒற்றியூர்த் திருவிழாவுக்கு வந்து மகிழமரத்தடியில் சுந்தரர் வரலாறு கேட்கிறான். அரசனோடு இருந்து கேட்டவர்களில் ஒருவர், சதுரானன பண்டிதர்.

இருநூறு ஆண்டுக்கு மேல் ஒரு மனிதர் வாழ்ந்தாரா?

*

இந்த முடிச்சை அவிழ்க்க ஒற்றியூரிலிருந்து இன்னும் வடக்கே போகவேண்டும். எர்ணாவூர் தாண்டி, கத்திவாக்கம் தாண்டி, கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம்வரை. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம். வடகரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கப்பால் 2001இல் திறந்த துறைமுகம்.

இந்த ஊர்களில் பெயரோடு பட்டம் ஒட்டிக்கொண்டு திரிவதை அதிகம் பார்க்க முடியாது. இங்கிருந்து கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகும் பையன்கள் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டம் வந்தால் அப்பா பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். ஆனால் பட்டம் இங்கே உயிரோடு இருக்கிறது, வேறு இடத்தில். சோழமண்டலக் கரைநெடுக மீனவக் குப்பங்களை நடத்தி வந்தவர்கள் நாட்டார், நாட்டாண்மை, பஞ்சாயத்தார். சென்னைப் பக்கம் இப்போது ‘கிராம நிர்வாகிகள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயர் மாறினாலும் வேலை அதேதான்.

என்ன வேலை? அம்மன் கோயில் எதிரே ஊர் கூடும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. திருவிழாச் செலவு அதிலிருந்து. ஒருவன் வலைமேல் இன்னொருவன் வலை போட்டுக் கிழித்துவிட்டால் பேச்சு நடக்கும், தண்டம் விழும். எந்த வலை போடலாம், எது கூடாது, துக்கம் விழுந்த நாளில் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் இங்கே முடிவாகும். பஞ்சாயத்தை மீறினால் ஊர் ஒதுக்கி வைத்த கொடுமைகளும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்துக்குள் வந்து படகும் வலையும் கருத்துப்போனபோது, நிவாரணம் கேட்டுக் குப்பம் குப்பமாகத்தான் திரண்டு நின்றார்கள். தனித்தனி மனிதராக நிற்கவில்லை.

நாட்டார் என்பது மிகப் பழைய பட்டம். சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அந்த நாட்டின் நிலவுடைமையாளர் கூடிய சபைதான் நாட்டார். அரசனின் ஓலை நாட்டார்க்கே வரும், வரி அவர்கள் வழியாகவே போகும். வயல் நாட்டின் பட்டம் எப்போதோ கடற்கரைக்கு இறங்கியது. வயல் பக்கம் அந்தச் சபை செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. அங்கே நாட்டார் என்பது பல ஊர்களில் வெறும் சாதிப் பட்டமாக, பெயர்ப் பின்னொட்டாக மிஞ்சியிருக்கிறது. கரைப் பக்கம் அது இன்னும் உட்கார்ந்து பேசுகிற ஆள். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார், பட்டம் நாற்காலியோடு இருக்கும்.

சதுரானன பண்டிதரின் புதிருக்கு விடை இதுதான். அது ஆள் பெயராக இருந்த காலம் போய் மடத்துத் தலைமையின் பெயரானது. ஒருவர் சமாதியாக, அடுத்தவர் அந்தப் பெயரிலேயே அமர்ந்தார். குருவிடமிருந்து சீடனுக்குப் போனதால் எந்தக் குடும்பத்துக்கும் அது சொத்தாகவில்லை. மடத்துக்கு வேலை இருந்தவரை பட்டம் இருந்தது. மடம் ஓய்ந்ததும் பட்டமும் ஓய்ந்தது. சதுரானனர் என்ற குடும்பப்பெயரோடு இன்று யாரும் இல்லை.

ஏழு வாரமாக நான் சொல்ல வருவதை இந்த இடத்தில் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டிருக்கிற பட்டம் குடும்பப்பெயர் ஆவதில்லை. வேலை போய், வேலை தந்த மதிப்பு மட்டும் வீட்டில் தங்கும்போதுதான் அது பெயரின் வாலாகிறது.

சந்தேகம் உள்ளவர்கள் அதிகம் பின்னால் போகவேண்டாம். 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதன் பிறகு பிறந்த பேரன் பேத்திகள்கூட ஊரில் ‘மணியக்காரர் வீட்டுப் பிள்ளை’, ‘கர்ணம் வீட்டுப் பெண்’தான். கணக்கு நோட்டு தாலுகா ஆபீசுக்குப் போயிற்று. பெயர் திண்ணையில் நின்றுவிட்டது. மராட்டியத்தில் பாட்டீல், குல்கர்ணி, தேஷ்முக் மூன்றும் இதே வழியில் வந்தவை. ஊர்த்தலைவன், ஊர்க்கணக்கன், பர்கணாவின் வரித்தலைவன். வங்காளத்து மஜும்தார் வருவாய்க் கணக்கு வைத்திருந்தவர். ஸ்காட்லாந்தில் அரசனின் அரண்மனை நிர்வாகியாகப் பரம்பரையாக இருந்த குடும்பம் ‘ஸ்டூவர்ட்’ என்ற வேலைப்பெயரையே குலப்பெயராக்கி, 1371இல் அரியணையும் ஏறியது. இலங்கையில் முதலியார் என்பது போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்து ஆண்டவர்கள் ஆள் பார்த்துக் கொடுத்த பதவி. கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே சொல் சாதிப் பட்டம்.

*

சோழ அரசு பட்டம் கொடுத்த முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் குடும்பப்பெயரின் விதை அதற்குள்தான் கிடக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த அதிகாரி ஒருவர், நாயன்மார் செப்புத்திருமேனிகள் எடுத்து வைத்தவர். அவர் பெயர் கல்லில் இப்படி வருகிறது: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளான். பிரித்துப் பாருங்கள். பொய்கைநாடு கிழவன் என்பது மண்ணுரிமை. ஆதித்தன் அப்பா. சூரியன் அவர். ‘ஆன’ என்ற சொல்லுக்கு அப்புறம் வருவதெல்லாம் அரசன் போட்டது. அந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் அரண்மனை.

இன்னொருவர். ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன். பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர். அவருக்குப் பட்டம் மும்முடிச்சோழப் பிரமமாராயன். மும்முடிச்சோழன் என்பது ராஜராஜனின் பெயர்களில் ஒன்று. இவர் மகன் மாராயன் அருண்மொழி, ராஜேந்திரனிடம் படைத்தலைவன், கோலாரில் பிடாரி கோயிலைக் கற்றளி ஆக்கியவன். அவனுக்குப் பட்டம் உத்தமசோழப் பிரமமாராயன். அப்பாவுக்கு மும்முடிச்சோழன், மகனுக்கு உத்தமசோழன். முன்பாதி அரசனுக்கு அரசன் மாறுகிறது. பின்பாதி மாறவே இல்லை. இரண்டு தலைமுறை அது ஒரே வீட்டில் தங்கிவிட்டது.

ஆட்சி நடக்கிறவரை எல்லோருக்கும் முன்பாதிதான் பெருமை. எந்த அரசன் பெயரைச் சுமக்கிறோம் என்பதுதான் சபையில் இடம் தந்தது. ஆட்சி விழுந்தபோது செல்லாக் காசானதும் அந்த முன்பாதிதான்.

கைவினைஞர்களுக்கும் இந்த வழியில் பெயர் கிடைத்தது, அதையும் சொல்லவேண்டும். தஞ்சைக் கோயிலின் தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் ஆன ராஜராஜப் பெருந்தச்சன். நம் ஒற்றியூரில், சதுரானன பண்டிதர் சொல்ல, பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த அந்தக் கருங்கல் விமானத்தைக் கட்டியவர் இரவி ஆன வீரசோழத் தச்சன். கோயிலுக்குப் போகிறவர்கள் கருவறையைச் சுற்றும்போது பின்பக்கம் நின்று ஒருதரம் அந்த வளைவைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வேலைக்கு உளி பிடித்தவரின் பெயர் தெரிவது நம் நாட்டில் பெரிய காரியம்.

மற்றவர்களுக்கு? தஞ்சைக் கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் பட்டியலில், வரி இல்லாத நிலம் என்று கழித்த இடங்கள் வரிசையாக வருகின்றன. கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி. அளவு இருக்கிறது, எல்லை இருக்கிறது. உள்ளே குடியிருந்த ஒருவர் பெயர்கூட இல்லை. கர்நாடகத்தில் வேட்டை நாய் காளிக்குப் பெயரும் கல்லும் நிலமும் இருந்த அதே நூற்றாண்டின் கடைசியில், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ‘சேரி’. பட்டங்களின் வரலாற்றைப் பெருமையாக மட்டும் எழுத என்னால் முடியாது. பட்டம் என்பது யாருடைய பெயர் கல்லில் ஏறவேண்டும், யாருடையது ஏறக்கூடாது என்று அதிகாரம் வகுத்த வரிசை. பின்னாளில் அந்த வரிசையைத்தான் சாதிப்பெயர் என்று வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டோம். 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டுச் சீமையில், சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து வெட்டுவோம் என்று தீர்மானம் போட்டார்களே, அந்தக் கோபத்தின் வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. அந்த மாநாட்டுப் பந்தலுக்குள் நாம் போக இன்னும் சில வாரங்கள் ஆகும்.

*

இப்போது தொண்டை மண்டலத்தில் நடந்த ஒரு துணிகரத்தைப் பார்ப்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. சோழர்களின் கீழ் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் செங்கேணிக் குடும்பத்துச் சம்புவராயர்கள். அவர்களில் ஒருவன் பெயர் செங்கேணி அம்மையப்பன் எதிரிலிசோழச் சம்புவராயன். பழைய சூத்திரம் பிசகாமல் இருக்கிறது. முன்னால் சோழன், பின்னால் குடும்பம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழ அரசு சரிந்து முடிந்தது. மூவேந்தவேளான்களும் பிரமமாராயன்களும் சரிவோடு சரிவாகக் கல்வெட்டுகளிலிருந்து மறைந்தார்கள். அவர்கள் பட்டம் அரண்மனையிலிருந்து வந்தது. அரண்மனை இல்லாமல் போனதும் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. ஆனால் பல்லவராயர், காலிங்கராயர், மழவராயர், தொண்டைமான் என்ற பின்பாதிகள் ஊர்களில் காலூன்றிக்கொண்டன. அவற்றில் பல இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையில் வருகின்றன. சம்புவராயர்கள் அதற்கும் மேலே போனார்கள். பதினான்காம் நூற்றாண்டில் படைவீட்டைத் தலைநகராக்கி ஆண்டவர்களின் பெயரைப் படியுங்கள். வென்றுமண்கொண்டான். அவனுக்குப் பின் ராஜநாராயணச் சம்புவராயன், சகலலோகச் சக்கரவர்த்தி. பெயரின் முன்னால் சோழன் இல்லை. யார் பெயரையும் சுமக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எசமான் கொடுத்த பட்டம் இப்போது அரச குலத்தின் பெயர். வேலைக்காரனாகப் பெற்ற பெயரிலேயே சக்கரவர்த்தி ஆகிவிட்டான்.

ராஜநாராயணன் ஆட்சியில் ஒற்றியூர்க் கோயிலில் வேலைநிறுத்தம் போன்ற ஒரு சிக்கல் எழுந்தது. கோயிலில் ஆடிப்பாடிப் பணிசெய்த பெண்களில் பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்று பிரிவுகள் உண்டு. எந்தப் பணி யாருக்கு, எங்கே யாருக்கு முதலிடம் என்பதில் மூண்ட சண்டை. வியாகரணதான மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துத் தீர்த்தார்கள். தீர்ந்ததாக நினைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அதே சண்டை திரும்ப வெடித்தது. ஆனால் இந்தமுறை தீர்த்து வைக்க வந்த அதிகாரிகள் படைவீட்டு ஆட்கள் இல்லை. 1360களின் தொடக்கத்தில் விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் படையோடு இறங்கிச் சம்புவராயனை வீழ்த்திவிட்டான். சக்கரவர்த்தி மறுபடி சிற்றரசன் ஆனான். கோயில் பெண்களின் சண்டைக்கு வயது அதிகம், அரசுகளுக்குத்தான் ஆயுள் குறைச்சல்.

வடக்கேயிருந்து வந்தவர்கள் தங்களோடு ஒரு புதுப் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நாயக்கர். படைவைத்துப் பராமரிக்க நிலம், நிலத்துக்குப் பதில் படை. இந்தப் பட்டம் தமிழ்நாட்டில் பரவிய வேகத்தில் வேறு எதுவும் பரவவில்லை. தெலுங்கு பேசியவர்களும் எடுத்தார்கள், தமிழ் பேசியவர்களும் எடுத்தார்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல சாதிகள் இன்று அதே பெயரைப் பின்னால் போடுவது அதனால்தான். 1639 ஆகஸ்டில் ஒற்றியூருக்குத் தெற்கே வெறும் மணல்மேட்டை ஆங்கிலக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர்.

அங்கே ஒரு கோட்டை எழுந்தது. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம் என்று வெள்ளையர் அழைத்த ஊர். அந்த ஊருக்குக் காவல் வேண்டும். காவலுக்குப் பரம்பரையாக ஒரு தலைவர் வந்தார். சேவகர்களை அவரே வைத்துக்கொள்வார். சரக்குகள்மேல் ஒரு பங்கு அவருக்கு. களவு போனால் ஈடு கட்டவேண்டியதும் அவரே. அந்தப் பதவிக்குப் பெயர் பெத்தநாயக். இன்று பாரிமுனைக்குப் பின்னால் இருக்கும் பெத்தநாயக்கன்பேட்டை அவர் பட்டத்தின் பெயரில் நிற்கிறது. தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு என்று தலைமை வணிகர்கள் தெருப்பலகையில் ஏறியது அடுத்த கட்டம்.

பிறகு 1708 வந்தது. நவாப் தாவூத் கான், கவர்னர் தாமஸ் பிட்டின் கம்பெனிக்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தார். நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு, திருவொற்றியூர். ஐந்தாவது கத்திவாக்கம். சதுரானன பண்டிதரின் கோயிலூரும், எண்ணூர்க் கழிமுகத்துக் கரையும் ஒரே ஆவணத்தில் ஒரு வணிகக் கம்பெனியின் கைக்குப் போயின. ஆயிரம் ஆண்டாக இந்த மண்ணில் பட்டம் கொடுத்தவர்கள் எல்லோரும் அரசர்கள். இப்போது முதன்முறையாகப் பட்டம் கொடுக்கும் இடத்தில் லாபக் கணக்கு எழுதும் ஒரு நிறுவனம் உட்கார்ந்தது.

ஆனால் பிட் அந்த ஆவணத்தை நிம்மதியாக வாங்கவில்லை. அதற்கு முந்தின வருடமே ஊர் பற்றி எரிந்துவிட்டது. வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் இடையே, எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்ற தகராறு. இரண்டு பக்கத்திலும் கம்பெனியின் பெரிய வணிகர்களே தலைவர்கள். வலங்கையார் ஒரு பேட்டையிலும் இடங்கையார் இன்னொரு பேட்டையிலும் குடியிருக்க வேண்டும் என்று பிட் உத்தரவு போட்டுப் பார்த்தார். வலங்கையார் மூட்டைகட்டிக்கொண்டு கம்பெனி எல்லையைத் தாண்டிச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள்.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவர ஒரே வழி, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. அந்தப் படகை ஆங்கிலேயனால் ஓட்ட முடியாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு தண்டல். தண்டல் சொன்னால்தான் துடுப்பு அசையும். கடலில் கம்பெனியின் கப்பல், கரையில் காலி வீடுகள், கோட்டைக்குள் கவர்னர் பிட். தண்டல்களும் சாந்தோம் பக்கம் பார்வையைத் திருப்பினால் ஒரு மூட்டை கரையேறாது. அவர்கள் யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்? சம்பளம் கொடுத்த கவர்னர் சொல்லுக்கா, கம்பெனியின் எந்த ஏட்டிலும் பட்டமாகப் பதிவாகாத தங்கள் குப்பத்துத் தலைவர் சொல்லுக்கா?

(தொடரும்)